காரை லேசா இடிச்சாச்சு, உள்ளே என்ன ஆகியிருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்னலில் பின்னால் வந்த பைக் தட்டியது, பார்க்கிங் தூணில் உரசியது, யூ-டர்ன் எடுக்கும்போது மீடியனில் சக்கரம் ஏறியது என்று பட்டறைக்கு வரும் சின்ன அடிகளுக்குக் கணக்கில்லை. கேட்கிறவர் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். பதில்கள் இந்தியச் சாலையில் ஓடும் வலப்பக்க ஸ்டீயரிங் கார்களுக்கும் இந்திய இன்சூரன்ஸ் விதிகளுக்கும் பொருந்துபவை.

"பம்பர்ல கீறல் மட்டும்தான். அதுக்குப் போய் கழட்டிப் பார்க்கணுமா?"

எல்லா அடிக்கும் வேண்டாம். ஆனால் நம் கண்ணில் படும் பம்பர் வெறும் மூடிதான். நெகிழும் பிளாஸ்டிக் என்பதால் அடிபட்டதும் உள்ளே போய், உடனே வெளியே வந்துவிடும். அதன் பின்னால் பல கார்களில் ஒரு ஃபோம், அதற்கும் பின்னால் ஒரு குறுக்கு இரும்புப் பட்டை, அந்தப் பட்டையைத் தாங்க இரண்டு பக்கமும், தான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் கிராஷ் பாக்ஸ். இரும்பு ஒருமுறை உள்ளே போனால் போனதுதான். வெளியே கீறலோடு அழகாக நிற்கும் பம்பருக்குள் பட்டை வளைந்து, ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சரை முட்டிக்கொண்டிருக்கும்.

எதில் இடித்தது என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். அகலமான சுவரில் மெதுவாகத் தொட்டால் அடி பரவிவிடும். தூண், பைக்கின் ஃபுட்ரெஸ்ட், லாரியின் பின் கம்பி போன்றவை ஒரே இடத்தில் குத்தும்; வெளியே சின்னக் குழிதான், உள்ளே ஆழம் அதிகம். இப்படிப்பட்ட அடி என்றாலோ, கீழே 4-வது பதிலில் உள்ள இடைவெளிகள் மாறியிருந்தாலோ பம்பரைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

"இடிச்ச இடத்துலேயே, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?"

ஹசார்ட் விளக்கைப் போட்டு, முடிந்தால் ஓரம் கட்டி, நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் குனிந்து பாருங்கள். கீழே ஏதாவது சொட்டுகிறதா, மட்கார்டின் உள் பிளாஸ்டிக் சக்கரத்தை உரசுகிறதா, அடித்தட்டு தொங்குகிறதா? தொங்குவதைக் கயிறு வைத்துக் கட்டினாலும் போதும், வீடு வந்துவிடலாம். திரவம் சொட்டினால் கட்டுப்போட முடியாது.

முன்பக்க அடி என்றால் பானட்டின் நுனியை இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பாருங்கள். பூட்டு இருக்கும் குறுக்குச் சட்டம் வளைந்திருந்தால் பானட் அரைப்பூட்டில் நிற்கும். வேகம் எடுத்ததும் காற்று புகுந்து அப்படியே தூக்கிக் கண்ணாடியில் அறையும். சந்தேகம் இருந்தால் பானட்டைக் கட்டிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். பைபாஸ் பக்கம் போக வேண்டாம்.

யாருக்காவது காயம் பட்டிருந்தால் காரைப் பார்ப்பதெல்லாம் பிறகு. மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவின்படி அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும்.

"அடியில தண்ணி சொட்டுது. ஏசி தண்ணியா, வேற எதுவுமா?"

ஒரு வெள்ளைத் தாளையோ டிஷ்யூவையோ கீழே வையுங்கள். நிறமும் வாசனையும் இல்லாத தண்ணீர், அதுவும் இடப்பக்க முன் சீட்டின் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே விழுந்தால் பெரும்பாலும் ஏசி தண்ணீர்தான். பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது ஒரு நிறத்தில், விரலில் வழுக்கி, லேசான இனிப்பு வாசனை அடித்தால் கூலன்ட். முன் மூலையில் சோப்பு வாசனையோடு ஒழுகினால் வைப்பர் தண்ணீர் டேங்க் உடைந்திருக்கிறது, தொல்லைதான், ஆபத்தில்லை. சக்கரத்தின் உள்பக்கம் வெளிர் மஞ்சளாக எண்ணெய்போல் இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்கவே கூடாது.

கூலன்ட் என்றாலும் எஞ்சினை நிறுத்திவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள். "டெம்பரேச்சர் முள் ஏறவில்லையே" என்று ஓட்டுகிறவர்கள்தான் எஞ்சினைச் சுட்டுக்கொள்கிறார்கள். சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். கூலன்ட் வடிந்துவிட்டால் சென்சார் வெறும் நீராவியில் நிற்கும். முள் சாதாரணமாகவே இருக்கும், உள்ளே எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்துகொண்டிருக்கும். பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கீழே சிந்திய கூலன்டை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது அவற்றுக்கு விஷம்.

"மெக்கானிக்கிட்ட போகாம வீட்டுலேயே நானே எப்படிப் பார்க்கறது?"

ஒரு டார்ச், பழைய பிளாஸ்டிக் கார்டு நாலைந்து, அரைமணி நேரம், சமமான தரை. இவ்வளவு போதும். அளவு எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம், காரின் மறுபக்கமே உங்களுக்கு அளவு. அடிபட்ட பக்கத்தில் எதைப் பார்த்தாலும் அதே இடத்தை அடிபடாத பக்கத்திலும் பாருங்கள்.

முதலில் இடைவெளி. பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில், ஃபெண்டருக்கும் கதவுக்கும் நடுவில், ஹெட்லைட்டைச் சுற்றி, டிக்கி கதவின் இரு ஓரங்களில். ஏடிஎம் கார்டு ஒன்றின் தடிமன் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர். இடப்பக்கம் 5 கார்டு சேர்ந்து நுழைகிறது, வலப்பக்கம் 3 மேல் போகவில்லை என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு கார்டு வித்தியாசம் ஃபேக்டரியிலிருந்தே இருக்கக்கூடும். இரண்டு என்றால் விசாரிக்க வேண்டியதுதான். இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் அந்தத் தகடு நகரவில்லை, திரும்பியிருக்கிறது. உள்ளே அதைத் தாங்கும் பாகம் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து திறந்து மூடுங்கள். நான்கு கதவு, பானட், டிக்கி. முன்பு விரலால் தள்ளினால் மூடிய கதவு இப்போது அறைந்தால்தான் மூடுகிறதா? கதவில் அடி என்றால் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றுங்கள். நடுவில் திணறினால் உள்ளே தண்டவாளம் வளைந்திருக்கிறது. பிறகு விளக்குகள். சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி லோ பீம் போடுங்கள். ஒரு பக்க வெளிச்சம் மட்டும் மேலேயோ கீழேயோ விழுந்தால் ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் காது உடைந்திருக்கும். கண்ணாடி முழுதாக இருப்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை. எதிரே வருகிறவர் டிம் போடச் சொல்லித் திட்டும்போதுதான் தெரியவரும்.

"முன்னாடி இடிச்சா உள்ள எதுக்கு முதல்ல அடி?"

பம்பருக்குப் பின்னால் வரிசையாக ஏசி கன்டென்சர், ரேடியேட்டர், ஃபேன் நிற்கும். டர்போ கார்களில் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அங்கேயே, பலவற்றில் தாழ்வாக இருக்கும். கிரில் வழியாக டார்ச் அடித்தால் கன்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் தெரியும். நசுங்கிய இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் அங்கே ஏசி கேஸ் கசிகிறது. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் வெளியே வருவதால்தான் அந்தப் பிசுக்கு. ஹாரனையும் அடித்துப் பாருங்கள். முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பது அதுதான்.

எஞ்சின் ஓடும்போது ஏசி போட்டு ஃபேன் சுற்றும் சத்தத்தைக் கேளுங்கள். "டரடர" என்று உரசினால் ரேடியேட்டர் சட்டம் பின்னுக்கு வந்து ஃபேனைத் தொடுகிறது.

"பின்னாடிதான் இடிச்சாங்க. அங்க என்ன இருக்கு, வெறும் டிக்கிதானே?"

டிக்கி விரிப்பைத் தூக்குங்கள், ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். அந்தக் குழிதான் பின்பக்க அடியின் கண்ணாடி. தகடுகள் சேரும் இடமெல்லாம் தூரிகையால் இழுத்ததுபோல் சீலன்ட் பூசியிருப்பார்கள். அடி உள்ளே வந்திருந்தால் அந்தச் சீலன்ட் வெடித்திருக்கும். தகடு, இஸ்திரி போடாத துணிபோல் மடிப்பு விழுந்திருக்கும். மடிப்பின் மேல் பெயின்ட் செதிலாக உரியும். பழைய ஈரமும் துருவும் இருந்தால் அது முன்பே நடந்தது. புது வெடிப்பு சுத்தமாக இருக்கும். விட்டுவிட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிப் பின் விளக்கு வயரிங் வரை போகும்.

சைலன்சர் தொங்கும் ரப்பர், பின் சென்சார்கள், கேமரா, டெயில் லேம்ப் உள்ளே ஆவி படிவது, இவற்றையும் பாருங்கள். சிஎன்ஜி வண்டி என்றால் தனிக் கவனம் வேண்டும். சிலிண்டர் பட்டை நகர்ந்திருக்கிறதா, பைப் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, வால்வு இணைப்புகளில் சோப்பு நுரை பூசுங்கள். கேஸ் வாசனை வந்தாலோ நுரை குமிழி விட்டாலோ சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, பெட்ரோலிலும் ஓட்டாமல், டோ செய்யுங்கள். சிலிண்டர் அழுத்தம் தாங்குகிறதா என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யும் ஹைட்ரோ டெஸ்ட் தேதி இன்னும் தள்ளி இருக்கிறது என்பது இங்கே சமாதானம் ஆகாது.

"மீடியன்ல சக்கரம் ஏறிடுச்சு. பாடியில ஒரு கீறல்கூட இல்ல. விட்டுடலாமா?"

எல்லா அடியிலும் நாங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பாடியில் அடி என்றால் அழகு போகும். சக்கரத்தில் அடி என்றால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சம்பந்தப்பட்ட பாகங்கள் வாங்கிக்கொள்கின்றன: ரிம், டயர், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், ஸ்டீயரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் டை ராட், ஷாக் அப்சார்பர் அடங்கிய ஸ்ட்ரட்.

டயரின் பக்கச் சுவரைக் கையால் தடவுங்கள், வெளிப்பக்கமும் உள்பக்கமும். எலுமிச்சைபோல் ஒரு புடைப்பு தட்டுப்பட்டால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன, காற்றை ரப்பர் மட்டும் தாங்குகிறது. அதற்குப் பஞ்சரோ வல்கனைசிங்கோ கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும். ஸ்டெப்னி போட்டுக்கொண்டு போங்கள். அலாய் என்றால் உள் விளிம்பில் விரிசல் பாருங்கள், வெளியே தெரியாமல் அங்கேதான் விடும்.

அடுத்து ஸ்டீயரிங்கை நேராக வைத்து முன்னால் நின்று இரண்டு சக்கரங்களையும் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் தலை சாய்ந்தோ, மட்கார்டு வளைவுக்குள் முன்னாலோ பின்னாலோ தள்ளியோ தெரிந்தால் லோயர் ஆர்ம் வளைந்திருக்கும். டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் உள்ள இடைவெளியை விரல் வைத்து அளந்து மறுபக்கத்தோடு ஒப்பிடலாம்.

"ஸ்டீயரிங் கொஞ்சம் கோணலா நிக்குது. அலைன்மென்ட் பண்ணா சரியாயிடும்னு சொல்றாங்க?"

ஸ்டீயரிங் நேராகிவிடும். கார் சரியாகிவிட்டதா என்பது வேறு கேள்வி. நம்மூர்ச் சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் சரிசெய்ய முடிவது டோ (toe), அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், அது ஒன்றைத்தான். சக்கரத்தின் சாய்வான கேம்பரைத் திருகிச் சரிசெய்ய வழியே இருக்காது. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கும் டார்ஷன் பீம் என்றால் இரண்டுமே கிடையாது. எனவே கேம்பர் தப்பாக இருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம். டை ராட்டைத் திருகி டோவை மட்டும் சரிசெய்தால் வண்டி நேராகப் போகும், ஆனால் டயர் ஒரு ஓரமாகத் தேயும்.

"பண்ணியாச்சு சார்" என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், சரிசெய்வதற்கு முன், பின் என்று இரண்டு பிரின்ட்டும் கேட்டு வாங்குங்கள். இடது, வலது கேம்பர் வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினால் ஆர்ம், ஸ்ட்ரட், சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிள் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த லோயர் ஆர்மையோ டை ராடையோ சூடுகாட்டி அடித்து நிமிர்த்தித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிமிர்த்திய இரும்பு எந்தக் குழியில் முறியும் என்று யாரும் சொல்ல முடியாது.

"ஏர்பேக் விரியல. அப்ப பெரிய அடி இல்லதானே?"

அப்படிக் கணக்கிட முடியாது. வேகம் எவ்வளவு திடீரென்று குறைந்தது, எந்தத் திசையில் என்பதைப் பார்த்துத்தான் ஏர்பேக் விரியும். பின்பக்க இடியில் முன் ஏர்பேக் பொதுவாக விரியாது. அந்த அளவை எட்டாத அடியிலும் 1-வது பதிலில் சொன்ன பட்டையும் கிராஷ் பாக்ஸும் நன்றாகவே நசுங்கும்.

சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றாலோ, ஒருமுறைகூட எரியாவிட்டாலோ ஸ்கேன் செய்யுங்கள். முன் சென்சாரோ சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரோ ஆடியிருக்கலாம். அந்த மஞ்சள் வயரில் மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டாம். எல்லா சீட் பெல்ட்டையும் முழுக்க இழுத்து விடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும், விட்டால் தானாகச் சுருள வேண்டும்.

"குழந்தை சீட்டை மாத்தணுமா?"

அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 5 நிபந்தனை சொல்கிறது: காரை ஓட்டிக்கொண்டு வர முடிந்தது, சீட்டுக்குப் பக்கத்துக் கதவில் அடியில்லை, யாருக்கும் காயமில்லை, ஏர்பேக் விரியவில்லை, சீட்டில் விரிசல் எதுவும் தெரியவில்லை. ஐந்தும் சரியாக இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. சீட் தயாரித்தவர் கையேட்டில் இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருந்தால் அதன்படி நடங்கள்.

"இடிச்சு பத்து நாள் ஆச்சு. இப்ப ஏசி கூலிங் இல்ல. சம்பந்தம் இருக்குமா?"

முன்பக்க அடி என்றால் இருக்க வாய்ப்பு அதிகம். கன்டென்சரில் மயிரிழை விரிசல் விட்டால் கேஸ் ஒரே நாளில் போகாது. வெறுமனே கேஸ் நிரப்பிக் காசை வீணாக்காதீர்கள். முதலில் கசிவு சோதனை, பிறகு கேஸ். தாமதமாகத் தெரிகிற மற்றவை: டயர் ஓரம் தேய்வது, ஃபாக் லேம்ப்பில் தண்ணீர், முதல் மழையில் கால்விரிப்பு ஈரமாவது.

"என் வண்டியில தானா பிரேக் பிடிக்கற ரேடார் இருக்கு. பம்பர் பெயின்ட் பண்ணா போதுமா?"

போதாது. ரேடார் பெரும்பாலும் கிரில் லோகோவுக்குப் பின்னாலோ பம்பரின் கீழ்ப்பகுதியிலோ இருக்கும். அதன் பிராக்கெட் ஒரு டிகிரி திரும்பினாலே 50 மீட்டர் தூரத்தில் பார்வை 87 சென்டிமீட்டர் விலகும். பக்கத்து லேன் வண்டியைப் பார்த்து பிரேக் போடக்கூடும். எச்சரிக்கை விளக்கு எரியாமலேயே இப்படி நடக்கலாம். பம்பரைக் கழற்றி மாட்டினால், ரேடாரின் பார்வையைச் சரியாக அமைக்கும் காலிப்ரேஷன் செய்ததற்கான அறிக்கையைக் கேளுங்கள். ரேடாருக்கு முன்னால் வரும் பகுதியில் பட்டி போட்டுத் தடித்த பெயின்ட் அடிப்பதும் கூடாது.

"எலக்ட்ரிக் கார். அடியில கல்லு தட்டுச்சு."

பேட்டரி தரைக்கு அடியில்தான் படுத்திருக்கிறது, எனவே லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். பேட்டரி உறையில் குழி, விரிசல், கூலன்ட் ஈரம் எதுவும் இருக்கக் கூடாது. ஆரஞ்சு நிற கேபிள் உயர் மின்னழுத்தம், கை வைக்க வேண்டாம். எச்சரிக்கை விளக்கு, புகை, சீறல் சத்தம், விநோத வாடை, இதில் ஒன்று இருந்தாலும் சார்ஜ் போடாதீர்கள். கட்டிடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி வெட்டவெளியில் நிறுத்துங்கள், அடிபட்ட லித்தியம் பேட்டரி மணிக்கணக்கில், ஏன் நாட்கணக்கில்கூடத் தாமதித்துத் தீப்பிடிக்கலாம்.

"சேஸிஸ் வளைஞ்சிருக்குமோன்னு பயமா இருக்கு."

பொலேரோ, ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் போன்றவற்றில்தான் தனிச் சேஸிஸ். மற்ற பெரும்பாலான கார்களில் பாடியே சேஸிஸ். முன்னால் பானட்டுக்கு அடியில் இருபுறமும் ஓடும் பெட்டி வடிவ மெம்பர்கள், பட்டறையில் ஏப்ரான் என்று சொல்லும் சக்கரத்தின் மேல் சுவர், இவற்றில் மடிப்போ வெடித்த பெயின்ட்டோ இருந்தால் அது சின்ன அடி கிடையாது. கண்ணால் முடிவுசெய்யாமல், அளவெடுக்கும் பெஞ்ச் இருக்கும் பட்டறைக்குப் போய்த் தயாரிப்பாளரின் அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

"கிளெய்ம் போடறதா, கைக்காசு போடறதா?"

பம்பரைக் கழற்றிப் பார்த்து முழு எஸ்டிமேட் வந்த பிறகுதான் இதைக் கணக்குப் போட முடியும். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லிவிடுங்கள். தாமதம் தகராறில் முடியும். உங்கள் கையிலிருந்து போகும் தொகைகள்: 1500 சிசி வரை கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி உங்களுடையது.

யாரும் கணக்கில் சேர்க்காதது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. இப்போது 35% இருக்கிறது, உங்கள் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 என்று வையுங்கள். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்து 45%, பிறகு 50%. போட்டால் 0, 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். ஐந்து புதுப்பித்தலில் இழப்பது 4,500 + 3,000 + 2,500 + 1,500 + 500, ஆக 12,000 ரூபாய். போனஸைக் காக்கும் ஆட்-ஆன் இல்லையென்றால், 10,000 ரூபாய் பில்லுக்கு கிளெய்ம் போடுவது நஷ்டம்.

"சர்வேயர் பார்த்துட்டுப் போயிட்டார். கழட்டினா உள்ள இன்னும் டேமேஜ்."

வேலையை நிறுத்துங்கள். போட்டோ எடுத்து, கூடுதல் எஸ்டிமேட் அனுப்பி, மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அனுமதி வருவதற்கு முன் பாகத்தை மாற்றாதீர்கள், பழைய பாகத்தைக் கொடுத்தும் விடாதீர்கள். அதே அடியில் ஆனது என்று காட்ட முடிந்தால் ஏற்பார்கள். 3-வது பதிலில் சொன்னபடி கூலன்ட் ஒழுக ஒழுக ஓட்டி எஞ்சின் போனால் அது தொடர் இழப்பு என்று தள்ளிவிடுவார்கள்.

"இடிச்சவர் ரெண்டாயிரம் தர்றேன், இங்கேயே முடிச்சுக்கலாம்னு சொல்றார்."

பின்பக்கம் என்றால் அங்கேயே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக் குழியைப் பாருங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும். குழி சுத்தமாக இருந்து, இடைவெளிகள் ஒத்து, சென்சாரும் விளக்கும் வேலை செய்தால் வாங்கிக்கொண்டு போகலாம். மடிப்போ வெடிப்போ தெரிந்தால் பணத்தை வாங்காதீர்கள். இரண்டு வண்டிகளும் நம்பரும் தெரியப் போட்டோ, அவருடைய லைசென்ஸ், பாலிசி விவரம், இவற்றை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.